கிழக்குக் காற்றும் குசினி எலியும்

டென்மார்க்கில் புயல் என்றால் எல்லோரும் மேற்கைத்தான் பார்ப்பார்கள். வடகடல் பக்கம்தான் பெரிய அணைகள். ஆனால் 2023 அக்டோபர் 20 இரவு அடித்தது கிழக்குக் காற்று. பால்டிக் கடலைத் தள்ளிக்கொண்டு வந்து, கிழக்குக் கரையிலுள்ள ஓபென்ரோ நகரில் நீர்மட்டத்தை வழமையைவிட 2 மீட்டருக்கு மேல் ஏற்றிவிட்டது.

எங்கள் வீடு மேட்டில் என்பதால் கடல் வரவில்லை, எலிதான் வந்தது. தொப்பலாய் நனைந்த பூனை, கொழுத்த எலியொன்றை உயிரோடு கவ்விவந்து குசினிக்குள் விட்டது. அது ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஓட, என் கணவர் தும்புத்தடியோடு கதிரையில் ஏறிநின்றார். பூனையோ தன் கடமை முடிந்ததென்று கால் நக்கிக்கொண்டிருந்தது.

இங்கே எலியைக் கண்டால் நகரசபைக்கு அறிவிக்க வேண்டும், சட்டம் அது. ஆள் வந்து பார்ப்பார், தனியாகக் காசு கேட்கமாட்டார். ஆனால் கடலைத் தடுக்கிற அணை முதன்மையாகக் காணிக்காரரின் பொறுப்பாம்! வெள்ளம் வந்தபின் கொடுக்கிற நட்டஈடோ நாம் எல்லோரும் தீக்காப்புறுதியோடு சேர்த்துக் கட்டும் வரியிலிருந்து வருகிறது. உடைந்த வீட்டுக்குப் பொதுப்பணம் உண்டென்றால், உடையாமல் காக்கும் அணைக்கும் அரசு முதலில் கை கொடுக்கட்டும், கிழக்குக் கரைக்கும் சேர்த்து.