அடைத்து வைத்தால் அறிவு தெளியுமா?

"கூர்நோக்கு இல்லத்தில் ஆறு மாதம் கிடக்கட்டும், பையன் தானே திருந்துவான்" என்று நம்மவருள் பலர் சொல்லக் கேட்கிறோம். இதனினும் பொய்யான ஆறுதல் வேறில்லை.

ஒயிட்னரையும் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனையும் முகர்ந்தவன், வலி மாத்திரையைக் கரைத்து நரம்பில் ஏற்றியவன், கதவு சாத்தப்பட்ட அன்றே நலம் பெறுவதில்லை. அதன் பிறகே நடுக்கமும் உறக்கமின்மையும் எரிச்சலும் அவனைப் பற்றுகின்றன. நோயின் குறியை அறியாதவர் அதனைத் திமிர் என்பர். திமிருக்குத் தடியே மருந்து என்பர். தடி எங்கே கொண்டுபோய் விடும்? 2022 டிசம்பர் இறுதியில் செங்கற்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். அடித்துக் கொன்றதாகப் பணியாளர்கள் கைதாயினர்.

இது எங்கோ சிலரின் துன்பமன்று. 2019இல் நடுவணரசு வெளியிட்ட ஆய்வின்படி, முகரும் போதை ஒன்றில் மட்டும் சிறுவர் பெரியோரை விஞ்சினர்: பெரியோருள் நூற்றுக்கு 0.58, சிறுவருள் 1.17.

மதுவைக் குறிக்கும் 'கம்ர்' என்னும் அரபுச் சொல் 'மூடுதல்' என்னும் வேரில் பிறந்தது. தலையை மூடும் துணியாகிய 'கிமார்' என்பதும் அவ்வேரினதே. அறிவை மூடுவது போதை. ஆயின், எந்தத் துயரை மூட அச்சிறுவன் அதனை நாடினான்? வாப்பாவின் அடியா, நின்றுபோன படிப்பா, எவரிடமும் சொல்லாத அச்சமா? இதனைக் கேளாமல் போதையை மட்டும் பறித்தால், புண்ணைத் திறந்து மருந்திடாமல் விட்டதாகும்.

மருத்துவம் குற்றத்திற்குச் சலுகையாகாதா என்பர் சிலர். விசாரணை நடக்கட்டும், தடுப்பவர் யார்? காய்ச்சல் கண்ட கைதிக்கு மருந்து கொடுப்பது சலுகையா? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, மனநல ஆலோசனையையும் போதை மீட்பையும் இல்லங்களின் பணியாகவே வைத்திருக்கிறது. 93ஆம் பிரிவு, தேவையெனில் சிறுவனைச் சிகிச்சை நிலையத்திற்கு மாற்ற வழி செய்கிறது. சிறுவனுக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கு 77ஆம் பிரிவு 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. சட்டம் பிள்ளையை நோயாளியாகவும் காண்கிறது; நாமோ குற்றவாளியாக மட்டுமே காண்கிறோம்.

குடும்பத்தாரே, தங்கையின் நிக்காஹ் தடைப்படுமே என்றஞ்சி மகனின் நோயை மறைக்கிறீர்கள். மறைத்த நோய்க்கு எந்த மருத்துவர் மருந்தளிப்பார்? இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் உள்ளதைச் சொல்லுங்கள். சிகிச்சையை உரிமையாகக் கேளுங்கள். ஊராரே, திரும்பி வரும் பிள்ளைக்கு ஒரு தொழிலைக் கற்றுக் கொடுங்கள். நீங்கள் கதவடைத்தால், அவனுக்குத் திறந்திருப்பது போதை விற்பவன் வாசல் ஒன்றே.