தாயைப் பழிப்பது தகுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்

பிள்ளை குறையோடு வளர்ந்தால், "வயிற்றில் இருக்கும்போது இவள் என்ன செய்தாளோ?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். படித்த நாடுகளும் இதில் நமக்குச் சளைத்தவை அல்ல. அமெரிக்காவில் புருனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் வெளியிட்ட நூல், குழந்தை பேச்சிழந்து தனக்குள் ஒடுங்குவதற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்தைப் பரப்பியது. நம்பியவர்கள் பாமரர்கள் அல்லர், மருத்துவர்கள்!

அந்நூலுக்கு முந்தைய ஆண்டிலேயே மறுப்புக்கான முதற்சான்று அச்சேறியிருந்தது. வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட், 1954-இல் தம் காத்திருப்பு அறையில் இரு சிறுமியரைக் கண்டார். இருவரும் தத்தம் தாயின் மடியில் அமர்ந்து, துணி பிழிவதுபோல் ஓயாமல் கைகளைப் பிசைந்து கொண்டிருந்தனர். அத்தகைய சிறுமியர் பலரை ஆராய்ந்து 1966-இல் ஜெர்மன் மொழியில் எழுதினார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. சுவீடனின் பெங்ட் ஹாக்பெர்கும் நண்பர்களும் 35 சிறுமியரைப் பற்றி 1983-இல் ஆங்கிலத்தில் எழுதிய பின்னரே 'ரெட் நோய்' என்ற பெயர் நிலைத்தது. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு இந்நோய் வருகிறது. பிறந்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை குழந்தை நன்றாகவே வளரும். பிறகு கற்ற சொல்லும், கைத்திறனும் ஒவ்வொன்றாய் நழுவும். தலையின் வளர்ச்சியும் மெதுவாகும்.

காரணம் 1999-இல் தெரிந்தது. ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் ஹுதா ஸோக்பி அம்மையாரின் குழுவினர், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுதே இந்நோய் என்று காட்டினர். அம்மரபணு தரும் புரதத்தின் பெயர் எம்.இ.சி.பி.2. 1992-இலேயே ஏட்ரியன் பேர்டு குழுவினர் கண்டறிந்திருந்த புரதந்தான் அது.

டி.என்.ஏ. இழையில் ஆங்காங்கே மெத்தில் என்னும் சிறு அடையாளங்கள் உண்டு. எம்.இ.சி.பி.2 அவற்றின்மேல் அமர்ந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யலாம் என்று அளவு பார்க்கிறது. ஏரி மடையில் நிற்கும் ஆள் உழுவதுமில்லை, அறுப்பதுமில்லை; ஆனால் அவர் கை தவறினால் ஊர் வயலெல்லாம் கெடும் அன்றோ? நரம்பணு தூண்டப்பட்டதும் அதனுள் கால்சியம் பாய்கிறது, எம்.இ.சி.பி.2-இல் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. அதன் பிடி அப்போது நெகிழ்ந்து, நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் பி.டி.என்.எஃப். என்ற செய்திப் புரதம் கூடுதலாகச் சுரப்பதாக 2003-இல் நடந்த சோதனைகள் காட்டின. மடை பழுதானால் நரம்பணுக்கள் சாவதில்லை. சிறுத்துப் போகின்றன, கிளைகள் குறைகின்றன, ஒன்றோடொன்று பேசும் இணைப்புகள் குன்றுகின்றன. குறைந்தால்தான் கேடு என்றும் எண்ண வேண்டாம். இதே மரபணு இரட்டித்துப் புரதம் மிகுந்தாலும், பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, மூளை வளர்ச்சி தடைப்படுகிறது.

நரம்பணு சாகவில்லை என்பதில்தான் எத்தனை பெரிய செய்தி! 2007-இல் எடின்பரோவில் பேர்டு குழுவினர், நோய் முற்றிய எலிகளில் அம்மரபணுவை மீண்டும் இயங்கச் செய்தபோது, நடுக்கமும் மூச்சுத் திணறலும் தணிந்து அவை பிழைத்து நடமாடின. மனிதருக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டிரோஃபினெடைடு என்ற மருந்து ஓரளவே உதவுகிறது. ஆயினும் "மூளைக் கோளாறு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கைவிரிப்போர் அந்த எலிகளை நினைத்துக் கொள்ளட்டும்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். விடுமுறையில் இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். புரதத்தைக் காதில் வாங்கவில்லை; "ஏன் பொம்பளப் புள்ளைக்கே வருது?" என்று மட்டும் கேட்டார். அதன் விடையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்பழுது குடும்பத்தில் வழிவழியாக வருவது மிக அரிது. புதிதாகத் தோன்றுவதே பெரும்பான்மை. அதுவும் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது நேரும் நகலெடுப்புப் பிழை. தந்தை தம் எக்ஸ் குரோமோசோமை மகளுக்கு மட்டுமே தருகிறார். மகனுக்குத் தருவது ஒய். ஆகவேதான் மகள். தந்தை மேலும் குற்றமில்லை. அவர் அறிந்தா செய்தார்? ஆனால் இத்தனை காலம் சுட்டிய விரல் எத்திசையில் நீண்டிருந்தது?

நம் பாடநூல்களிலும் அவ்விரல் உண்டு என்பேன். எக்ஸ் வழி மரபுக்கு நாம் வரையும் படம் எப்போதும் ஹீமோஃபிலியாதான், அல்லது நிறக்குருடு. நோயைச் சுமந்து மகனுக்குக் கொடுப்பவள் அதில் தாய். படம் தவறன்று, அது ஒன்றே படமாக இருப்பதுதான் தவறு. விலங்கியல் ஆய்வுக்கூடச் சுவரில் அப்படத்திற்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடிக்க இடம் இருக்கிறது. ரெட் நோயின் படத்தை வரைந்து தர நான் ஆயத்தம். துறைத் தலைவர் அனுமதிக்க வேண்டும்.