இரைப்பையை இயக்கும் வாயு: எடைக் குறைப்பு ஊசி போடுவோரும் சர்க்கரை நோயாளிகளும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வீகோவி. இந்த ஊசி மருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு அடிக்கடி காதில் விழும் வாக்கியம்: 'ரெண்டு இட்லியிலேயே வயிறு நிறைஞ்சிடுது.' அதில் ஆச்சரியமில்லை. இவை மூளையில் பசியைக் குறைப்பதோடு, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தையும் குறைக்கின்றன.

ஆனால், ஊசியே போடாத, பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுள்ள ஒருவர் இதையே சொன்னால்? பெரும்பாலான வீடுகளில் பதில் ரெடி: 'கேஸ் ட்ரபிளா இருக்கும், ஒரு மாத்திரை போடு.' அங்கேதான் சிக்கல். வயிறு உப்பக் காரணம் அங்கே வாயு சேர்ந்ததாக இல்லாமல், உடலே தயாரிக்கும் வேறொரு வாயு குறைந்ததாகவும் இருக்கலாம்.

எந்த வாயு அது?

நைட்ரிக் ஆக்சைடு. ரத்த நாளங்களைத் தளர்த்துவதில் இதன் பங்கைக் கண்டறிந்ததற்காக 1998-ல் மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு மருத்துவ நோபல் கிடைத்தது. இரைப்பையிலும் இதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

நாம் சாப்பிடத் தொடங்கியதும் இரைப்பையின் மேல்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 3 முறை சுருங்கி உணவை அரைக்க வேண்டும். அரைபட்ட உணவு குடலுக்குள் போக, கடைசியில் உள்ள வாயில் திறக்க வேண்டும். 'சுருங்கு' என்ற உத்தரவை முக்கியமாக அசிட்டைல்கோலின் கொண்டுபோகிறது. 'தளர்' என்ற உத்தரவு பெருமளவு நைட்ரிக் ஆக்சைடு வழியாகப் போகிறது.

மற்ற நரம்புச் செய்திகளைப் போல இதைச் சேமித்துவைக்க முடியாது. தேவைப்படும் நொடியில் இரைப்பைச் சுவரின் நரம்புகள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதைத் தயாரிக்கின்றன. வாயு என்பதால் செல் சவ்வைத் தாண்டி நேராகத் தசைக்குள் நுழையும். உள்ளே கால்சியத்தின் அளவு குறையும், தசை தளரும். சில நொடிகளில் வாயு மறைந்துவிடும்.

இந்த வாயுவை நரம்புகளில் உருவாக்கும் மரபணுவை எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். 1993-ல் வெளியான அந்த ஆய்வில் எலிகளின் இரைப்பை வீங்கிப் பெரிதாகியிருந்தது. வாயில் சரியாகத் திறக்காததால் உணவு தேங்கிப்போனது.

சர்க்கரை நோயில் என்ன ஆகிறது?

நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு, நீண்டகாலம் கட்டுக்குள் வராத சர்க்கரை, நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நரம்புகளைச் சிதைக்கிறது. இரைப்பைக்குத் தாளம் போட்டுக்கொடுக்கும் 'காஹல் செல்கள்' என்பவையும் குறைகின்றன. அடைப்பு எதுவும் இல்லாமலேயே உணவு மணிக்கணக்கில் தேங்கும் இந்த நிலைக்கு 'காஸ்ட்ரோபரேசிஸ்' என்று பெயர்.

இது வெறும் அசௌகரியம் இல்லை. இன்சுலின் போட்டாயிற்று, ஆனால் சாப்பாடு இன்னும் குடலுக்கே போகவில்லை என்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பிறகு உணவு போய்ச் சேரும்போது எகிறும்.

அந்த வாயுவையே மருந்தாகக் கொடுக்கலாமே?

அவ்வளவு சுலபமில்லை. சரியான இடத்தில், சில நொடிகள் மட்டும் வேலை செய்ய வேண்டிய வாயு இது. உடல் முழுக்கப் பரவினால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும்.

விஷவாயு என்று நாம் அறிந்த கார்பன் மோனாக்சைடையும் உடல் மிகச் சிறிய அளவில் தயாரிக்கிறது. அது காஹல் செல்களைக் காப்பதாக எலி ஆய்வுகள் காட்டின. அதன் உற்பத்தியைத் தூண்டும் ஹெமின் மருந்து எலிகளில் பலன் தந்தது. ஆனால் 2016-ல் வெளியான, மனிதர்களிடம் நடந்த சிறிய பரிசோதனையில் இரைப்பையின் வேகமும் கூடவில்லை, தொந்தரவும் குறையவில்லை. அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் இரைப்பைத் தசையைத் தளர்த்துவது ஆய்வகத்தில் தெரிந்திருக்கிறது. அதுவும் இன்னும் சிகிச்சையாக மாறவில்லை.

அப்படியென்றால் நாம் என்ன செய்யலாம்?

* கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, பல மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது வாந்தியில் வருவது, காரணமின்றி சர்க்கரை ஏறி இறங்குவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோபியில் அடைப்பு இல்லை என்று உறுதியானால், உணவு வெளியேறும் வேகத்தை ஸ்கேன் மூலம் அளக்கலாம். 4 மணி நேரத்துக்குப் பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் உணவு தங்கியிருந்தால் இரைப்பை மெதுவாக இயங்குகிறது என்று அர்த்தம்.

* மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் பான்டோபிரசோல் அமிலத்தைத்தான் குறைக்கும், இரைப்பையை நகர்த்தாது. அதோடு சேர்ந்துவரும் டோம்பெரிடோன் நகர்த்த உதவும், ஆனால் இதயத் துடிப்பைப் பாதிக்கலாம். அதனால் 2014-லேயே ஐரோப்பிய மருந்து முகமை அதன் அளவையும் நாட்களையும் கட்டுப்படுத்தியது. மாதக்கணக்கில் நீங்களாகவே போடாதீர்கள்.

* காஸ்ட்ரோபரேசிஸ் இருந்தால், எடைக் குறைப்பு ஊசி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மெதுவான இரைப்பையை அது இன்னும் மெதுவாக்கும்.

* ஊசி போடுபவருக்கு அறுவை சிகிச்சை என்றால், மயக்க மருந்து நிபுணரிடம் அதை மறைக்காதீர்கள். வெறும் வயிறு என்று நினைத்திருக்கும்போது உள்ளே உணவு இருந்தால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் 2023-ல் இதுபற்றி எச்சரித்தது.

இழந்த நரம்புகளைத் திரும்பக் கொண்டுவரும் மருந்து இன்று இல்லை. இருப்பவற்றைக் காக்க, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதுதான் இப்போதைக்குக் கையில் உள்ள வழி. அதனால் வீட்டில் ஒருவர் அடிக்கடி 'கேஸ்' என்று சொன்னால், மாத்திரையைத் தேடும் முன் அவருடைய சர்க்கரை அளவு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.