புகைபோக்கியின் நிழலில்

மும்பை துறைமுகப் பாதையில் வாஷி நோக்கிச் செல்லும் மின்ரயில், கழிமுகப் பாலத்தைத் தொடுவதற்கு முன் நிற்கும் கடைசி மும்பை நிலையம் மான்குர்த். அந்த வட்டாரத்தைத் தெற்கே டிராம்பே வரை சுற்றிவந்தால் தெரிவது இந்தியாவின் எரிசக்தி வரலாறு. 1950-களின் நடுவில் எஸ்ஸோவும் பர்மா ஷெல்லும் நிறுவி, 1970-களில் அரசுடைமையான இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். இந்தோனேசிய நிலக்கரியையும் எரிக்கும் அனல்மின் நிலையம். பாபா அணு ஆராய்ச்சி மையம். 1974-இல் கண்டறியப்பட்ட பாம்பே ஹை எண்ணெய் வயலின் கச்சா எண்ணெய், கடலடிக் குழாய்களில் உரண் கரையேறி டிராம்பேக்கு வந்து சேர்கிறது.

இத்தனை வளமும் வந்துசேரும் இடத்தை ஒட்டியிருக்கும் மான்குர்த், மாநகராட்சியின் எம்-கிழக்கு வட்டத்தில் அடங்கியது. 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை, மாநகரின் 24 வட்டங்களில் கடைசி இடத்தை அளித்தது இந்த எம்-கிழக்கு வட்டத்துக்குத்தான். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இடம் கிடைக்காமல் ஒதுங்கிய தமிழர்களும், ரயில்பாதை ஓரத்துக் குடிசைகளிலிருந்து லல்லுபாய் காம்பவுண்ட் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டவர்களும், பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் இங்கே அடுத்தடுத்து வசிக்கிறார்கள். வளம் ஒரு ஊரின் வழியாகப் போவதற்கும், அந்த ஊருக்கு வந்து சேருவதற்கும் இடையிலான தொலைவை அளக்க வேண்டுமானால் மான்குர்த்திலிருந்தே தொடங்கலாம்.

பொருளாதார வல்லுநர்கள் இதற்கு ‘வளச் சாபம்’ என்று பெயரிட்டு அரை நூற்றாண்டுக் காலத்தை உலக நாடுகளின் கதைகளைக் கூறியே கழித்துவிட்டார்கள். 1956-இல் எண்ணெய் கண்டறிந்த நைஜீரியா, கச்சா எண்ணெயை ஏற்றுமதி செய்துவிட்டுத் தனக்கு வேண்டிய பெட்ரோலைப் பல்லாண்டுகளாக இறக்குமதி செய்தது. 1969-இல் எண்ணெய் கண்ட நார்வேயோ, 1990-இல் சட்டம் இயற்றி, வருவாயைத் தலைமுறைகளுக்கான நிதியத்தில் சேர்க்கத் தொடங்கியது. இந்த இரண்டையும் மட்டும் வைத்துப் பேசுவது எளிது. ஆனால், நார்வே எண்ணெய் காணும் முன்பே நேர்மையான நிர்வாகமும் வலுவான நாடாளுமன்றமும் பெற்றிருந்த நாடு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

நமக்குப் பொருத்தமான பாடம் போட்ஸ்வானா. விடுதலை பெற்ற 1966-இல் உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றாக இருந்த அது, அடுத்த ஆண்டே வைரத்தைக் கண்டது. வருவாயைச் சூறையாட விடாமல் பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் செலவிட்டு, ஆப்பிரிக்காவின் முன்மாதிரி என்று பெயரெடுத்தது. ஆனால், சூரத்திலும் சீனத்திலும் ஆய்வகங்களில் வளர்க்கப்படும் வைரங்கள் சந்தைக்கு வந்து விலை சரிந்தபோது, அந்த முன்மாதிரியும் ஆட்டம் கண்டது. 58 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட கட்சி 2024 தேர்தலில் தூக்கியெறியப்பட்டது. நேர்மையாக ஆண்டாலும் ஒரே பொருளை நம்பிய கஜானா, உலகச் சந்தை ஒருமுறை இருமினாலும் காய்ச்சலில் விழும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். இந்தியாவின் நிலக்கரியிலும் இரும்புத் தாதுவிலும் பெரும்பகுதி ஜார்க்கண்ட், ஒடிஸா, சத்தீஸ்கர் மாநிலங்களின் மண்ணுக்கடியில் கிடக்கிறது. இவற்றில் ஜார்க்கண்டின் நிலையைப் பாருங்கள். நீதி ஆயோக் 2023-இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி, அம்மாநில மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் வறியவர்கள்; பிகாருக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே இது அதிகம். தமிழ்நாட்டில் இந்த அளவு 2 விழுக்காட்டை ஒட்டியது.

இந்த இடைவெளியை அவரவர் உழைப்பு, அவரவர் நிர்வாகம் என்று மட்டும் விளக்கித் திருப்திப்பட்டுக்கொள்ள நமக்கு உரிமையில்லை. 1950-களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, உருக்கு போன்ற அடிப்படைப் பொருள்கள் நாட்டின் எந்த மூலையிலும் ஒரே விலைக்குக் கிடைக்க வழிசெய்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை கட்டினால் கிடைக்கக்கூடிய இயற்கையான ஆதாயம் அதனால் அற்றுப்போனது. ஆலைகள் துறைமுகத்தையும் சந்தையையும் தேடி மகாராஷ்டிரத்துக்கும் குஜராத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வந்தன. 1990-களின் தொடக்கத்தில் இந்தக் கொள்கை கைவிடப்பட்டபோது, அன்றைய பிகார் நாற்பது ஆண்டுகளை இழந்திருந்தது. மும்பையின் செழிப்பிலும் கோவையின் வார்ப்பட ஆலைகளிலும் கிழக்கு இந்தியாவின் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கைக் கேட்டு அந்த மக்கள் வழக்குத் தொடுக்கவில்லை. பிழைப்புத் தேடி நம் ஊர்களுக்கு ரயிலேறி வருகிறார்கள்.

மாநிலங்கள் வழக்குத் தொடுக்காமல் இல்லை. அந்த வழக்குகளின் வேர் தமிழ்நாட்டில் இருப்பது பலருக்கு மறந்துபோயிருக்கலாம். 1958-ஆம் ஆண்டு சென்னை ஊராட்சிச் சட்டத்தின்கீழ், சுண்ணாம்புக்கல் வெட்டியெடுப்பதற்கான ராயல்டியின் மீது மாநில அரசு விதித்த மேல்வரியை எதிர்த்து இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1989-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராயல்டியே ஒரு வரிதான்; அதன்மேல் மாநிலம் மேல்வரி விதிக்க முடியாது என்றது. கனிம மாநிலங்களின் கை அன்று கட்டப்பட்டது. 2004-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வோ, ‘ராயல்டி மீதான மேல்வரி ஒரு வரி’ என்று இருந்திருக்க வேண்டிய வாசகம் அச்சுப்பிழையால் மாறிவிட்டது என்று சொன்னது! ஒரு சொல் விடுபட்டதா இல்லையா என்ற ஐயத்தில் மாநிலங்களின் கோடிக்கணக்கான ரூபாய் தொங்கிக்கொண்டிருந்தது.

2024 ஜூலை 25-இல், தலைமை நீதிபதியாக இருந்த டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ராயல்டி வரியல்ல என்றும், கனிம உரிமைகள் மீதும் கனிம நிலங்கள் மீதும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது. 2005 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய நிலுவையை, 2026 ஏப்ரல் 1 தொடங்கி 12 ஆண்டுகளில் தவணையாகச் செலுத்தலாம் என்று ஆகஸ்டில் வழிகாட்டியது. மாறுபட்ட நீதிபதி பி.வி. நாகரத்னா, மாநிலங்களுக்கிடையே ஆரோக்கியமற்ற போட்டி உருவாகும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையைப் புறந்தள்ளிவிட முடியாது. என்றாலும், தன் மண்ணைத் தோண்டி எடுப்பதற்கு வரி கேட்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை என்ற நிலையைவிட, இந்தச் சிக்கலே மேல் என்பது நமது கருத்து. ஜார்க்கண்டும் தமிழ்நாடும் தீர்ப்பைத் தொடர்ந்து தத்தம் சட்டங்களை இயற்றிவிட்டன. நிலக்கரிக்காக மத்திய அரசு தரவேண்டியது ரூ.1.36 லட்சம் கோடி என்று ஜார்க்கண்ட் முதல்வர் ஹேமந்த் சோரன் கோருகிறார். அப்படி ஒரு நிலுவையே இல்லை என்று 2024 டிசம்பரில் மக்களவையில் பதிலளித்தது மத்திய அரசு.

பணம் வந்தால் போதுமா? இங்குதான் அரசியல் குறுக்கிடுகிறது. 2000-இல் பிறந்த ஜார்க்கண்டில், முதல் 14 ஆண்டுகளில் எந்த முதல்வரும் முழுப் பதவிக்காலத்தையும் நிறைவு செய்யவில்லை. மூன்று முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. சுயேச்சையாக வென்று முதல்வரான மது கோடா, நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு வழக்கில் 2017-இல் தண்டிக்கப்பட்டார். மத்தியில் மட்டும் என்ன வாழ்ந்தது? முறைகேடான ஒதுக்கீடுகள் என்று 204 நிலக்கரிச் சுரங்கங்களின் உரிமத்தை உச்ச நீதிமன்றம் 2014-இல் ரத்து செய்ய நேர்ந்ததே! சுரங்கம் பாதிக்கும் மக்களுக்காக 2015-இல் மாவட்ட கனிம அறக்கட்டளைகள் அமைக்கப்பட்டன. பழைய குத்தகைகளில் ராயல்டியின் 30 விழுக்காடும், ஏலத்தில் எடுத்தவற்றில் 10 விழுக்காடும் இவற்றுக்கு வரவேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால், நிதியை எதற்குச் செலவிடுவது என்பதை மாவட்ட ஆட்சியரும் மக்கள் பிரதிநிதிகளும் முடிவு செய்ய, சுரங்கத்தின் தூசியைச் சுவாசிக்கும் கிராமத்தின் குரல் பெரும்பாலும் எட்டுவதில்லை.

அடுத்த பத்தாண்டின் போட்டி நிலக்கரிக்காக இருக்கப்போவதில்லை. நிக்கல், கோபால்ட், லித்தியம், அரிய மண் தனிமங்கள் ஆகியவற்றுக்கானது அது. இந்தோனேசியா 2020-இல் நிக்கல் தாது ஏற்றுமதியைத் தடுத்து, ஆலைகளைத் தன் மண்ணுக்கு வரவழைத்தது. காங்கோ 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்திவைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சீனம் அரிய மண் தனிமங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, நம் மோட்டார் வாகன ஆலைகள் காந்தத்துக்குத் திண்டாடின. இந்தியா 2023-இல் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களை ஏலம்விடும் அதிகாரத்தை மத்திய அரசிடம் குவித்துக்கொண்டது. அதன் விளைவை மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி காட்டியது. அங்கு டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போனதை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். 2024 டிசம்பரில் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வருவாய் மாநிலத்துக்குத்தானே என்று தில்லி சொன்னாலும், முடிவெடுப்பதில் பங்கில்லாத வருவாயை எந்த ஊரும் நம்பத் தயாராக இல்லை.

கோவா ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. அங்கு இரும்புத் தாது விற்பனைத் தொகையில் 10 விழுக்காட்டை நிரந்தர நிதியமாகச் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2014-இல் உத்தரவிட்டது. ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பின் வழியாக மாநிலங்களுக்கு வரும் நிலுவைத் தொகையிலாவது இதேபோன்ற ஒரு பகுதியைச் சட்டப்படி ஒதுக்கிவைக்க வேண்டும். வரப்போகும் தொகையைக் காட்டித் தேர்தல் வாக்குறுதிகளை அடுக்குவது எல்லாக் கட்சிகளுக்கும் கைவந்த கலை. தாது தீர்ந்துபோகும், வாக்குறுதி தீராது. மாவட்ட கனிம அறக்கட்டளைகளின் ஆண்டுத் திட்டத்துக்குக் கிராம சபையின் ஒப்புதலைக் கட்டாயமாக்குவதும் அவசரத் தேவை.

மான்குர்த்துக்கோ இந்த ஏற்பாடுகள் எதுவும் பொருந்தாது. கனிமச் சட்டம் எண்ணெயை விலக்கிவைத்திருப்பதால், அறக்கட்டளை இல்லை. கடலடி வளம் அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆவது பிரிவின்படி மத்திய அரசுக்குரியது என்பதால், பாம்பே ஹை எண்ணெயின் ராயல்டி தில்லிக்கே போகிறது. மகாராஷ்டிரத்துக்கு அதில் பங்கில்லை. அந்த ராயல்டியிலிருந்து ஒரு சிறு விழுக்காட்டைக் கச்சா எண்ணெய் கரையேறி, சுத்திகரிக்கப்படும் ஊர்களின் மருத்துவமனைக்கும் குடிநீருக்கும் ஒதுக்க அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படாது. நிதியமைச்சரின் நிதிநிலை அறிக்கையில் ஒரு பத்தி போதும்.