கழித்தல் கணக்கும் கைகழுவும் அரசும்

2024 டிசம்பரில் ஒன்றிய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கேந்திரிய வித்யாலயா, நவோதயா உள்ளிட்ட ஒன்றிய அரசுப் பள்ளிகளில் 5, 8 ஆம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் தேறாத குழந்தைக்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு. அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பில் மீண்டும் ஓராண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 16 ஆவது பிரிவை 2019இல் திருத்தியபோதே இதற்கு வழி திறக்கப்பட்டுவிட்டது. பல மாநிலங்கள் அதற்கு முன்பே அந்த வழியில் நுழைந்துவிட்டன. தமிழ்நாடும் கேரளமும் போன்ற சில மாநிலங்கள் மறுத்து நிற்கின்றன. “தேர்வு பயம் இருந்தால்தான் படிப்பார்கள்” என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். நடுத்தர வர்க்கப் பெற்றோர் பலருக்கும் இது சரியென்றே படுகிறது.

தேர்வு எதற்கு என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம். மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதுகிறது. விடைத்தாளில் அதற்குச் சுழியம். ஆனால் அந்த 35ஐ உற்று நோக்கும் ஆசிரியருக்கு வேறொன்று புலப்படும். குழந்தை 7இலிருந்து 2ஐயும், 5இலிருந்து 2ஐயும் கழித்திருக்கிறது. எப்போதும் பெரிய எண்ணிலிருந்துதான் சிறியதைக் கழிக்க வேண்டும் என்று அது தனக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறது. விதி தவறுதான், ஆனால் அதற்குள் சிந்தனை இருக்கிறது. “பத்தாம் இடத்தில் கடன் வாங்கு” என்று நூறு முறை கத்தினாலும் பயனில்லை. (கடன் என்றால் என்னவென்று வீட்டில் நன்றாகவே அறிந்த குழந்தைக்கு இந்தக் கடன் மட்டும் விளங்குவதில்லை.) பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு தனிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, இருபத்தேழு குச்சிகளை எடுக்கச் சொன்னால், ஒரு கட்டை அவிழ்க்காமல் முடியாது என்பதை அதன் விரல்களே கண்டுகொள்ளும். ஆசிரியரின் மதிப்பீடு என்பது இதுதான்: இன்றைய தவறைப் படித்து நாளைய பாடத்தை மாற்றுவது.

மொழிப் பாடத்தில் இது இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. வீட்டில் கோண்டியோ சந்தாலியோ பேசும் குழந்தை பள்ளியில் இந்திப் பத்தியின் முன் வாயடைத்து நிற்கிறது. அதற்கு எழுத்து தெரியவில்லையா, மொழியே தெரியவில்லையா? இரண்டுக்கும் மருந்து வேறு. குழந்தையின் மொழியில் நான்கு சொல் பேசத் தெரிந்த ஆசிரியர் ஒரு நிமிடத்தில் இதைப் பிரித்தறிவார். மதிப்பெண் பட்டியலோ இரண்டையும் தோல்வி என்ற ஒரே சொல்லில் அடைக்கும். 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்கள் வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. புரிதல் என்ற சொல்லும் அதில் உண்டு. ஆனால் கடிகாரத்தால் வேகத்தை மட்டுமே அளக்க முடியும். அளக்க முடிந்ததைத்தான் மேலதிகாரி கேட்பார்.

மாற்று வழிகளை இந்த நாடு கண்டிராமல் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 கிராமப்புறப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், 6 முதல் 8 வரையிலான வகுப்புக் குழந்தைகள் வயல்வெளியிலும் எளிய கருவிப் பெட்டியிலும் சோதனை செய்து தாங்களே முடிவுகளை எட்டினர். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைத் தேர்வும் இருந்தது. மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. சாதாரண அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான் முப்பது ஆண்டுகள் அதை நடத்திக் காட்டினார்கள். 2002இல் அதை நிறுத்தியது காங்கிரஸ் மாநில அரசு என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 29 ஆவது பிரிவு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டைக் கோரியது. அது ஏன் தோற்றது? குழந்தைகள் சோம்பிவிட்டதாலா? ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் பள்ளிகள் இந்தியாவில் இன்றும் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அங்கே ஒரு குழந்தையின் தவறோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால் மற்ற நான்கு வகுப்புகள் சும்மா இருக்கும். ஆகவே தொடர் மதிப்பீடு படிவம் நிரப்பும் வேலையாகச் சுருங்கியது. மதிய உணவுக் கணக்கு, அடையாள எண் பதிவு, செயலியில் தரவேற்றம் என வேலைகள் குவிந்தன. கல்வி சாராப் பணிகளைத் தடுக்கும் 27 ஆவது பிரிவே மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் தேர்தலுக்கும் விலக்கு அளித்திருப்பதால், வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக ஏறி இறங்குபவரும் இதே ஆசிரியர்தான். உத்தரப் பிரதேசத்தில் 2017இல் பணிநிரந்தரம் பறிக்கப்பட்ட சிக்ஷா மித்ராக்கள் மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்தில் பல ஆண்டுகள் வகுப்பெடுத்தார்கள். ஆசிரியருக்கு நேரமும் பணிப்பாதுகாப்பும் மறுத்துவிட்டு, அதன் விளைவைக் குழந்தையின் விடைத்தாளில் சிவப்பு மையால் எழுதுகிறார்கள்.

நிறுத்தி வைக்கப்படும் குழந்தை யார் என்பதையும் கேட்க வேண்டும். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத கூலித் தொழிலாளியின், தலித்தின், ஆதிவாசியின், புலம்பெயர்ந்து செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்தின் குழந்தை அது. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்று விதி சொல்கிறது. உண்மைதான். ஆனால் தம்பியோடு ஒரே வகுப்பில் உட்காரவைக்கப்படும் பதினோரு வயதுச் சிறுமியை யாரும் நீக்க வேண்டியதில்லை; அவளே நின்றுவிடுவாள். வீட்டிலும் அதை ஒத்துக்கொள்வார்கள்.

கற்றல் குறைபாட்டைக் கண்டறிந்து வகுப்பாசிரியர் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே அறிவிக்கை கூறுகிறது. அதற்கு எத்தனை கூடுதல் ஆசிரியர் பணியிடங்கள், எவ்வளவு நிதி என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இந்த விதியைப் பின்பற்றும் ஓராசிரியர் பள்ளியில் மறுதேர்வுக்கு முந்தைய இரண்டு மாதங்களில், கழித்தலில் தடுமாறும் அந்தக் குழந்தையின் அருகே குச்சிக் கட்டோடு உட்காரப்போவது யார்? ஆசிரியர் சங்கங்களும் பெற்றோரும் மாணவர் அமைப்புகளும் ஒவ்வொரு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுப்ப வேண்டிய கேள்வி இது. பதிலை எழுத்தில் கேட்க வேண்டும்.