தன்னம்பிக்கை மட்டும் காணாது

கால் இழந்த ஒருவர் விளையாட்டில் வென்றுவிட்டால் எங்கட ஆக்கள் என்ன எழுதுவினம் என்று எனக்கு மனப்பாடம். "காலை இழந்தார், தன்னம்பிக்கையை இழக்கவில்லை." கீழே சோக இசையோட ஒரு வீடியோ. ரெண்டு நிமிசம் கண் கலங்கிவிட்டு அடுத்ததுக்குப் போயிடுவம்.

கனடாவின் பற்றிக் அண்டர்சனையும் அப்படி எழுதலாம், எல்லாம் பொருந்தி வரும். 1979இல் பிறந்தவர். ஒன்பது வயதில், குடிவெறியில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டன. பிறகு சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் சிட்னி 2000, ஏதென்ஸ் 2004, லண்டன் 2012 என மூன்று பராலிம்பிக் தங்கம், 2008 பெய்ஜிங்கில் வெள்ளி. லண்டன் இறுதியாட்டத்தில் கனடா எடுத்த 64 புள்ளிகளில் 34 அவருடையது. 2024 பாரிஸிலும், 45 வயதில், ஆடினார். இந்த விளையாட்டு கண்ட மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று பலர் சொல்வார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

ஆனால் "தன்னம்பிக்கையால் வென்றார்" என்பது அரைவாசிப் பொய்.

விபத்து 1989இல். அடுத்த வருசமே அந்தப் பெடியனுக்கு இந்த விளையாட்டு அறிமுகமாகிவிட்டது. பிறகு படிக்கப் போனது அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்துக்கு. அது சும்மா ஒரு கம்பஸ் இல்லை. இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர்கள் படிக்கவேணும் என்று 1940களின் கடைசியிலேயே ரிம் நியூஜென்ட் என்பவர் தொடங்கிய திட்டம் அங்கே இருக்கிறது. சாய்தளம், சக்கர நாற்காலி ஏறக்கூடிய பஸ், கூடைப்பந்து அணி எல்லாம் அதோட வந்தவை. அண்டர்சன் போய்ச் சேரும்போது அந்த ஏற்பாட்டுக்கு ஏறக்குறைய ஐம்பது வயது.

இன்னொன்று, அவர் எதிலும் "முடங்க" இல்லை. களத்துக்கு வெளியே செயற்கைக் கால்களில் நடக்கிறவர். கிரிக்கெட்காரருக்குத் துடுப்பு மாதிரி இவருக்கு நாற்காலி. சட்டென்று திரும்பவும் கவிழாமல் இருக்கவும் அதன் சில்லுகள் மேற்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்துகொண்டு இதை ஆட ஏலாது. வளையம் அதே 3.05 மீற்றர் உயரத்தில்தான்.

எனக்கு மிகப் பிடித்தது புள்ளிக் கணக்கு. உடலால் எவ்வளவு இயங்க முடியும் என்பதைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் 1.0 முதல் 4.5 வரை கொடுப்பார்கள். களத்தில் நிற்கும் ஐந்து பேரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. அண்டர்சன் 4.5. அப்ப மிச்ச நாலு பேருக்கும் சேர்த்து 9.5தான். உடம்பை நிமிர்த்தி வைத்திருக்கவே கஷ்டப்படுகிற ஒருவருக்கும் அணியில் இடம் வேணும். அவர் தன் நாற்காலியைக் குறுக்கே போட்டு எதிராளியை மறிக்கிற நேரத்தில்தான் அண்டர்சனுக்கு வழி திறக்கும். அவருக்கு ஆர் வீடியோ போட்டது?

இதை இங்கே ஏன் கதைக்கிறேன்? இந்த நாட்டில் கால் போனவர்கள் குறைவா? தினேஷ் பிரியந்த ஹேரத் ரோக்கியோ பராலிம்பிக்கில் 67.79 மீற்றர் ஈட்டி எறிந்து உலக சாதனையோட தங்கம் எடுத்தார். போரில் கையில் காயப்பட்ட இராணுவ வீரர். திறமையில் சந்தேகமே இல்லை. ஆனால் காயத்துக்குப் பிறகும் அவருக்குப் பின்னால் ஒரு நிறுவனம் நின்றது. அதே போரில் மிதிவெடியிலும் செல்லிலும் கால் போன வன்னிப் பிள்ளைக்குப் பின்னால் ஆர் நின்றது? யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் இருந்து செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. அதைப் போட்டு நடக்கலாம். விளையாட ஆட்ட நாற்காலி வேணும், அது ஓடுகிற தரை வேணும், பயிற்சிக்கு ஏற்றி இறக்க வாகனம் வேணும். இதுக்கெல்லாம் காசு வேணும். தன்னம்பிக்கை அவர்களிட்ட ஏற்கெனவே இருக்கு.

அடுத்த முறை பழைய மாணவர் சங்கம் உள்ளக அரங்குக்கு நிதி கேட்டு வந்தால், வாசலில் எத்தனை படி என்று கேளுங்கோ. கழிப்பறைக் கதவு எத்தனை அங்குலம் என்றும் கேளுங்கோ.