சாவடியில் சாட்சி சொல்வது யார்?

பாணேரை உரசிக்கொண்டு ஓடும் நெடுஞ்சாலையைத் தமிழ் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. தேசிய நெடுஞ்சாலை 48 என்று எண் பெற்ற அச்சாலை தில்லியிலே பிறந்து, புணேயைத் தொட்டு, சென்னையிலே சென்று முடிகிறது. விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம்மவர் கேட்-சிவாப்பூரில் தொடங்கிக் கிருஷ்ணகிரி வரையில் சாவடி தோறும் சுங்கம் செலுத்திச் செல்கின்றனர். செலுத்துவது பற்றி எனக்கு வழக்கில்லை. கணக்கு எழுதும் பொறியைப் பற்றித்தான் என் வழக்கு.

2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்களாயின. கண்ணாடியில் ஒட்டும் அந்தச் சீட்டில் மின்கலம் கிடையாது. ஆர்.எஃப்.ஐ.டி. படிப்பான் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலையை வீசுகிறது. வீசிய அலையிலிருந்தே உயிர் பெற்றுச் சீட்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. கேட்டால்தான் சொல்லும். எப்போது கேட்பது?

ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்படிக் கேட்டால் பின்னால் நிற்கும் வண்டியும் பதில் சொல்லும், பக்கத்துத் தடத்து வண்டியும் பதில் சொல்லும். ஆகவே வேறொரு வழி உண்டு. தார்ச்சாலையின் அடியிலே கம்பிச் சுருள் ஒன்றைப் புதைக்கிறார்கள். இரும்புடல் கொண்ட வண்டி மேலே வந்ததும் சுருளின் மின் இயல்பு மாறுகிறது. அந்த மாற்றம் ஒரு குறியாகிப் படிப்பானின் உள்ளீட்டு முனைக்குச் செல்கிறது. ‘வண்டி வந்தது, கேள்’ என்பது அதன் பொருள்.

கேட்பதற்கு எளிது; அமைப்பதிலேதான் சூட்சுமம். குறி எழும்போது படிக்கத் தொடங்குவதா, விழும்போதா? நடுங்கும் குறி எத்தனை மில்லிநொடி நிலைத்தால் அதை மெய்யென்று கொள்வது? குறி அடங்கியதும் நிறுத்துவதா, காலக்கெடு வைத்து நிறுத்துவதா? தரை உயர்ந்த லாரியைச் சுருள் மங்கலாகவே உணரும். இழுவை வண்டிக்கும் அதன் பின்பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை இரண்டு வண்டியென்று எண்ணிவிடவும் கூடும். 2007இல் வெளிவந்த எல்.எல்.ஆர்.பி. என்னும் உலகப் பொதுநெறியில் தொடக்கத்துக்கும் நிறுத்தத்துக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. அவற்றை நிரப்புகிறவன் ஒரு பொறியாளன். பாணேரிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஹிஞ்சவடியில் நாளை வேலைக்கு அமரப் போகும் நம் தோழன் ஒருவனாகவும் அவன் இருக்கலாம். கல்லூரி ஆய்வுக்கூடத்திலே விளக்கை எரியவிட்டு அணைக்கக் கற்றதோடு அவன் கல்வி நின்றுவிட்டதே என்பது என் கவலை.

ஏன் கவலை? சட்டத்தைப் பாருங்கள். சீட்டு செல்லத்தக்கதாய், கணக்கிலே போதிய பணமும் இருந்து, சாவடிப் பொறி பழுதானால் கட்டணமின்றி வண்டியை விடவேண்டும் என்று 2018 மே 7 அறிவிக்கை விதித்தது. செல்லத்தக்க சீட்டு இல்லாதவனுக்கோ, 2025 நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், ரொக்கமென்றால் இரு மடங்கு, யு.பி.ஐ. என்றால் ஒன்றே கால் மடங்கு என்று வைத்தது. பொறியின் பழுதா, சீட்டின் பழுதா? இந்த ஒரு வினாவுக்கு விடை ஒருபுறம் சாய்ந்தால் சல்லிக்காசு இல்லை. மறுபுறம் சாய்ந்தால் இரட்டைக் கட்டணம். பின்னால் ஐம்பது வண்டி ஒலியெழுப்ப, லாரி ஓட்டுநர் எந்தச் சாட்சியைக் கூப்பிடுவார்?

சாட்சி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உள்ளீடு மாறிய ஒவ்வொரு முறையும் முனையின் எண்ணையும் நேரத்தையும் அறிவிக்கும்படி படிப்பானைப் பணிக்க அதே பொதுநெறியில் இடமுண்டு. பணித்தால்தான் அறிவிக்கும். பணித்துவிட்டால் வழக்கு தெளிவாகிவிடும். ஒளிப்படக் கருவி வண்டியைக் கண்டிருக்க, சுருள் வாய் திறக்கவில்லையா? குற்றம் சாவடியுடையது. சுருள் சொல்லி, படிப்பான் கேட்டு, முன்னும் பின்னும் வந்தவை பதில் சொல்ல, இது மட்டும் ஊமையாய் நின்றதா? அப்போது சீட்டைச் சந்தேகியுங்கள், ஒப்புகிறேன்.

ஏடு பெருகுமே என்பார்கள். ஒரு முனை எண், ஒரு நேரம், ஏறிற்றா இறங்கிற்றா என்னும் ஒரு சொல், இவ்வளவே. வண்டியின் எண்கூட அதில் இல்லை. யாருடைய அந்தரங்கமும் கெடாது. இந்தக் குறிப்பை ஒப்பந்தத்திலே கட்டாயமாக்க வேண்டும். படிக்கத் தவறிய வண்டிக்குத் தரும் ரசீதில் அந்த நேரங்களை அச்சிட வேண்டும்.

இதைத் தள்ளிப்போட நேரமுமில்லை. இதே 48ஆம் நெடுஞ்சாலையில், குஜராத்தின் சோர்யாசி சாவடியிலே தடுப்புக் கம்பமில்லாமல் சுங்கம் வாங்குவதற்கான ஒப்பந்தம் 2025 ஆகஸ்டிலேயே கையெழுத்தாகிவிட்டது. கம்பம் போனால் சண்டையிடச் சாவடி ஊழியர்கூட எதிரில் இருக்கமாட்டார்.